அந்த அம்மா தின்ற முதல் கவளம்

எழுபதுகளின் கடைசியில், மதுரை சிம்மக்கல்லில் ஒரு தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போய் நானும் நண்பன் முத்துவும் தொண்டிப் பக்கம் கடற்கரையில் கூடாரம் போட்டோம். கடத்தல்காரர்கள் நடமாடும் இடம், யாரையும் நம்பாதே என்று மதுரையில் ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால், வலை காயப்போட்ட ஓர் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது உறுத்தியது.

மாலையில் காற்றும் மழையும் கூடாரத்தைப் பிய்த்தெறிந்தன.

"காத்து மாறுதே, இந்தப் பிள்ளைக என்ன செய்யும்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். வாங்க" என்று அந்த அம்மா தன் குடிசைக்குக் கூப்பிட்டார். போனோம். பைகளை மடியை விட்டு இறக்கவில்லை.

சுடுசோறும் மீன்குழம்பும் வைத்தார். முத்து என் காதில், "மாப்ள, தொடாத. என்னத்தக் கலந்திருக்கோ" என்றான். பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். அதே சட்டியிலிருந்து தனக்கும் சோறு போட்டு, எங்கள் கண்ணெதிரே ஒரு கவளம் தின்றார்.

"விருந்தாளி சாப்பிடுமுன்ன நாங்க கை நனைக்கிறதில்லப்பா. இன்னைக்கு நனைச்சுட்டேன். சாப்பிடுங்க."

எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். சாப்பிட்டோம். தலை நிமிரவில்லை.

இன்றும் என் திருநகர் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும், அவர்கள் முதல் கவளம் எடுக்கும்வரை எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் தெரிகிறது.