செவ்வந்தியின் பத்து விரல்

இரண்டாயிரத்துப் பதினாறில் என் மகள் செவ்வந்திக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தது. கட்டியை வெட்டி எடுத்தார்கள். பிறகு இருபத்தைந்து நாள் கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்; கூடவே மாத்திரை. ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற நெய்வேலியிலிருந்து கரண்டு வைத்துக்கொள்ளப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினாள்.

கரண்டு வைத்த இடம் வெந்து தோல் உரிந்தது. உட்கார முடியாது. ஒரு நாளைக்குப் பதினைந்து முறை வயிற்றால் போகும்; வருகிறது என்று தெரிவதற்குள் வந்துவிடும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் கூச்சப்படாமல் எழுதட்டும், பட்டவளே கூச்சப்படவில்லை. பஸ்ஸில் யாராவது பரிதாபப்பட்டு எழுந்தால், "நீங்களே குந்துங்க. நான் நிக்கத்தான் டிக்கெட்டு வாங்கினேன்" என்பாள்.

கரண்டு முடிந்தும் புண் ஆறவில்லை, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. உள்ளங்கை சிவந்து எரிந்தது. உடம்புச் சூடு என்று நினைத்து நான் மருதாணி அரைத்துக் கை நிறைய அப்பினேன். அந்தச் சிவப்பில் மாத்திரையின் சிவப்பு மறைந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். தோல் பாம்புச் சட்டைபோல உரிந்த பிறகு டாக்டர் பார்த்து, மாத்திரையைக் குறைத்து, நோட்டில் இங்கிலீசில் ஏதோ எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரம்தான் காண்டிராக்ட் மாறியது. சுரங்கத்து மண்மேட்டில் நடுவதற்குக் கன்று வளர்க்கும் நர்சரியில் செவ்வந்திக்குப் பன்னிரண்டு வருஷ வேலை. உடம்பு தேறித் திரும்பிப் போக அவள் பேர் அங்கே இருக்க வேண்டும். புதுக் காண்டிராக்டரோ ரேகை மிஷின் வைத்துவிட்டார். ஒரு நாள் குறித்து, அன்று சாயங்காலத்துக்குள் விரல் வைக்காதவருக்குப் பேர் கிடையாது என்றார்.

நானும் அவளுடன் போனேன். கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. பத்து விரலும் வைத்தாள். பத்துக்கும் சிவப்பு.

மிஷினருகே உட்கார்ந்து பேர் பதிந்த தேவயானி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். "மருதாணிய அழிச்சுட்டு வாங்கக்கா" என்றாள்.

"மருதாணி இல்லீங்க, மாத்திர. ரேகையே போயிடுச்சு."

"அப்போ ரேகை வந்தப்புறம் வாங்க."

"அதுக்குள்ள எம் பேரு போயிடுமே?"

"நான் என்னக்கா செய்ய? மொதல்ல அப்படி உக்காருங்க."

"உக்கார முடிஞ்சா ஏன் நின்னுகினு இருக்கேன்? எம் பேரு ஏறாம இந்த மிஷின வுட்டு நவுர மாட்டேன்."

பின்னால் நாற்பது பேர். அவளோடு வேலை பார்க்கும் கண்ணையன், "யக்கா, மிஷினுக்குக் காவலா?" என்று சீண்டினான்.

"ஆமாண்டா. நீயும் தொணைக்கு நில்லு."

அப்போது அவள் முகம் மாறியது. வயிறு. அவள் விலகினால் வரிசை நகர்ந்துவிடும். நான் போய் மிஷின் முன்னால் நின்றுகொண்டேன். "நீ ஓடுடி."

"ஆயா, நீங்க யாரு?" என்றாள் தேவயானி.

"அவளப் பெத்தவ. ரேகதான் வேணும்னா என்னுத எடுத்துக்கோ. கைநாட்டு வெச்சே காலத்த ஓட்டுனவ, ரேக நல்லா அழுத்தமா வுழும். அவளே இந்த ஒடம்புலேர்ந்து வந்தவதான்."

வரிசை சிரித்தது. தேவயானியும் சிரித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். செவ்வந்தி வந்தாள், மறுபடி ஓடினாள். மூன்று முறை ஓடினாள், மூன்று முறையும் நான் நின்றேன். மூன்றாம் முறை தேவயானிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரி நோட்டு இருக்கா ஆயா?"

என் பையில்தான் இருந்தது. அவள் படித்துவிட்டு எங்களுக்குச் சொன்னாள்: மாத்திரையால் ரேகை அழிந்திருக்கிறது, மாத்திரையை நிறுத்திய பிறகு திரும்பி வரக்கூடும் என்று டாக்டரே எழுதியிருக்கிறார். யாருக்கோ போன் போட்டாள். பிறகு ஒரு ரிஜிஸ்டரை எடுத்துப் பேர் எழுதிப் பேனாவை நீட்டினாள்.

செவ்வந்தி எட்டாவது வரை படித்தவள். உரிந்த விரலில் பேனா பட்டு எரிந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. அப்பன் பேரின் முதல் எழுத்தையும் சேர்த்து முழுசாகக் கையெழுத்துப் போட்டாள்.

"கண்ணையா, மிஷின் காலி. வாடா" என்று கூப்பிட்டுவிட்டு, நான்காவது முறையாக ஓடினாள்.