இடம் மாறிய ஜன்னல்

பத்திரகாளிக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டக்கூட வராது. ஆனாலும் சிவகாசிக்கும் ஆனைக்குட்டத்துக்கும் நடுவில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டரில் இருப்பு அறிக்கை எடுத்துக் கொடுத்துவந்தார். எண்ணிக்கையில் தப்பு விடமாட்டார் என்று லேபிள் ஒட்டும் இடத்திலிருந்து ஆபீசுக்கு மாற்றியிருந்தார்கள். திரையில் இருந்த சொற்களை அவர் படித்ததில்லை. இடம் பார்த்துப் பழகியிருந்தார். மேல் வரிசையில் நான்காவது, அதன் கீழே ஏழாவது. அழுத்தினால் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் ஒவ்வொரு குடோனின் இருப்பும் தனித்தாளில் அச்சாகும். அந்தத் தாளைக் கதவில் ஒட்டாமல் குடோனைத் திறப்பதில்லை என்பது கம்பெனி வழக்கம். பொழுது சாய்ந்தபின் திறப்பதும் இல்லை.

2005 தீபாவளி சீசனில் முதலாளி மகன் சபரிநாதன் அறிக்கை மென்பொருளின் புதுப் பதிப்பை வாங்கி ஏற்றினார்.

“பழசுல இருந்தது அம்புட்டும் இதுலயும் இருக்குக்கா. இன்னைக்கு இந்தூர் லோடு போகணும். ஒத்துவரலேன்னா சொல்லுங்க, மதுரையில ஒரு பையன் இருக்கான், போட்டுக்கிடலாம். நீங்க பழையபடி லேபிளுக்கே போயிரலாம்” என்று சொல்லிவிட்டுச் சாத்தூருக்குக் கிளம்பினார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் பத்திரகாளி அதை நம்பினார்.

நான்காவதில் ஏழாவதை அழுத்தினார். வேறு எதுவோ திறந்தது. மூடிவிட்டு அச்சடித்துப் பார்த்தார். எட்டுக் குடோன்களின் இருப்பும் ஒரே தாளில் தொடர்ச்சியாக வந்தது. மணி இரண்டு.

லோடு மேஸ்திரி சங்கிலிமுத்து வாசலில் வந்து நின்றார்.

“என்னக்கா, பொட்டி மக்கர் பண்ணுதா? கத்தரியை எடுத்து எட்டா வெட்டிக் குடுங்க, ஒட்டிக்கிடுதோம்.”

“வெட்டுன தாளை நாளைக்குச் சோதனைக்கு வர்ற ஆபீசர் கிழிச்சு உங்க கையிலயே குடுப்பாரு. செத்த உக்காருங்க.”

மென்பொருள் விற்ற கடைக்குப் போன் செய்தார். எடுத்தவர் அந்த வசதியின் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு முறை சொன்னார்.

“பேரு வேண்டாம் தம்பி, எங்கன இருக்குன்னு சொல்லுங்க.”

“மேல எதுலயோ இருக்கும்க்கா. பேரைப் பார்த்து எடுத்துக்கோங்க.”

அவருக்கு இடம் தெரியாது, இவருக்குப் பெயரைப் படிக்கத் தெரியாது. பத்திரகாளி போனை வைத்தார்.

அந்த ஜன்னலின் முகம் அவருக்குத் தெரியும்: இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் கட்டங்கள். வாசலை மாற்றியிருக்கலாம், உள்ளே இருப்பதையுமா மாற்றியிருப்பார்கள்? கழிவு லேபிள் தாள் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டார். மேல் வரிசையின் முதலாவதிலிருந்து ஒவ்வொரு வரியாகத் திறந்து, பார்த்து, எதையும் தொடாமல் மூடி, ஒரு கோடு போட்டார். இதில் பெரிய புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவே.

நாற்பத்தோராவது கோட்டுக்குப் பின் அந்த முகம் திறந்தது. கட்டம் பழைய மூலையிலேயே இருந்தது. டிக் போட்டார். எட்டுத் தாள்கள் வந்தன.

“ஏலே கருத்தப்பாண்டி, பசையை எடுலே!” என்று சுமை ஏற்றும் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே சங்கிலிமுத்து ஓடினார்.

வெயில் இருக்கும்போதே லாரி போய்விட்டது. அதன்பிறகு வந்த சபரிநாதன் வெறும் முற்றத்தைப் பார்த்தார்.

“கஷ்டமா இருந்துச்சாக்கா?”

“இடத்தை மாத்தி வச்சிருக்காக. கண்டுபிடிச்சாச்சு.”

“அப்ப அந்த மதுரைப் பையன்?”

“அங்கனயே நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பத்திரகாளி தூக்குவாளியைத் திறந்தார்.