அஞ்சை அழுத்தினா துரை கார்

இன்டர்நெட் போன் பொருத்துற எங்க தொழில்ல, எந்த போன் கோல் எங்க போகணும்னு மெஷினுக்கு ஒருக்கா சொன்னா போதும். மனுசங்க எந்த நம்பர அழுத்துவாங்கன்னு கடவுளுக்கே தெரியாது. இதே வேலையில மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களோட சேந்து புலம்பத்தான் இத எழுதுறேன்.

தள்ளிவிட்ட கோல்

ஹட்டன்ல இருந்து போயி, உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல போன் பொருத்தினேன். தோட்டம் முழுக்க ஒரே போன் நம்பர். அடிச்சா என் குரல் பேசும்: ஆபீசுக்கு ஒண்ணு, ஃபேக்டரிக்கு ரெண்டு, தோட்ட ஆஸ்பத்திரிக்கு மூணு, கைப்புள்ளைங்களப் பாத்துக்குற புள்ளக்காம்பராவுக்கு நாலு, துரை பங்களாவுக்கு அஞ்சு.

மறுநாளே துரை, அதான் தோட்டத்து மேனேஜர், நுவரெலியாவுல இருந்து ஆபீசுக்கு அடிச்சிருக்காரு, கோல் யாருக்கும் போகல. பாத்தா, ஆபீசுல பெரிய கிளாக்கரய்யா தனக்கு வர்றத ஃபேக்டரிக்குத் திருப்பி வச்சிருக்காரு. ஃபேக்டரியில அத அப்படியே ஆபீசுக்குத் திருப்பி வச்சிருக்காங்க. பாவம், கோல் நடுவுல சுத்திக்கிட்டே இருந்திருக்கு. ஏங்கய்யா இப்படின்னு கிளாக்கரய்யாகிட்ட கேட்டேன். அவரு அசரவே இல்ல.

"போன் வர்றதுக்கு முந்தியே இங்க வேலை இப்படித்தான் நடக்குது தங்கச்சி."

குசினி வைத்தியம்

அடுத்த வாரம் பங்களாவுல சமைக்கிற முனியாண்டி அண்ணன் என்னைக் கூப்புட்டாரு. காய்ச்சல், வயித்துவலின்னு ஆளாளுக்கு, பங்களா போன் இருக்குற குசினிக்கு அடிக்கிறாங்களாம், சோறு வடிக்க முடியலையாம். ஹட்டன்ல இருந்தே கம்ப்யூட்டர்ல தேடினேன். மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல, எல்லாரும் அஞ்சத்தான் அழுத்தியிருக்காங்க. யாருன்னு அண்ணன்கிட்ட கேட்டா, தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீடுகள்ல, எல்லாரும் அஞ்சாம் லயத்து ஆளுங்க!

அப்பத்தான் பொறி தட்டுச்சு. ஆபீசுல எழுதிக் குடுத்தபடி, "உங்களுக்குரிய இலக்கத்தை அழுத்தவும்"னு சுத்தத் தமிழ்ல பேசி வச்சிருந்தேன். அவங்களுக்குரிய இலக்கம் லயத்து நம்பர்தானே? திங்கக்கிழமை வந்து மாத்துறேன், அதுவரைக்கும் சமாளிங்கண்ணேன்னு கெஞ்சினேன்.

"நான் சமாளிச்சுட்டுத்தான் இருக்கேன் மிஸ், எல்லாருக்கும் கொத்தமல்லித் தண்ணிதான் சொல்றேன்."

எங்க நம்பர்

திங்கக்கிழமை வர்றதுக்குள்ள, அஞ்சாம் லயத்து சுப்பையா பொண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்துருச்சு. மழைன்னா அப்படி ஒரு மழை. ஆஸ்பத்திரி வேனைக் கூப்புட போன் அடிச்சவரு, அஞ்சத்தான் அழுத்தினாரு. அடுப்படியில மணி அடிச்சிருக்கு. இந்த வலிக்குக் கொத்தமல்லி சரிவராதுன்னு முனியாண்டி அண்ணனுக்கு விளங்கிருச்சு. கோலை எப்படி ஆஸ்பத்திரிக்கு மாத்துறதுன்னு அவருக்குத் தெரியாது. ரிசீவரைப் போட்டுட்டு, சாப்புட்டுக்கிட்டு இருந்த துரை முன்னால போயி நின்னுட்டாரு. துரை பாதிச் சோத்துல எந்திரிச்சு டிரைவரைக் கூப்புட்டு, தன்னோட காரையே அனுப்பி வச்சாரு.

விசயத்தக் கேட்டப்ப எனக்குத் தோணினது இதுதான்: பங்களாவுல யாரும் எடுக்காம விட்டிருந்தா? தாயும் புள்ளையும் சுகம்னு கேட்டப்புறம்தான் மூச்சு வந்துச்சு. திங்கக்கிழமை மொத வேலையா அஞ்சாம் லயத்துக்குப் போனேன். செக்கச் சிவந்த பொம்பளப்புள்ள, நல்லாத் தூங்குது. சுப்பையா பிளேன்டீ குடுத்து உக்காரச் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்கு மூணுன்னு அவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கேனே, ஏன் அழுத்தலன்னு கேட்டேன். விவரம் கெட்டவளப் பாக்குற மாதிரி பாத்தாரு.

"அது மூணாம் லயத்து நம்பராச்சேங்க மிஸ், எங்க நம்பர அழுத்தினதாலதானே துரை காரே வந்துச்சு."

இப்ப அஞ்ச அழுத்தினாலும் ஆஸ்பத்திரிக்கே போகுது, பங்களாவ ஒன்பதுக்குக் கொண்டுபோயிட்டேன், ஆனா கார் வர்ற நம்பரக் கெடுத்தவ இவதான்னு அஞ்சாம் லயமே இன்னும் என்னை முறைச்சுக்கிட்டு இருக்கு.