எங்கள் நிருபர் இல்லை

ஆத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் பட்டப்பகலிலேயே மண் அள்ளுகிறார்கள் என்று என்னிடம் சொன்னது, பக்கத்தில் வெங்காயம் போட்டிருந்த ஓர் அக்கா. வரப்பு வழியாகக் கூட்டிப்போய்ப் பள்ளங்களையும் காட்டினார். படம் எடுத்தேன். அப்போது நான் ஒரு நாளிதழின் திண்டுக்கல் பகுதிநேர நிருபர். அடையாள அட்டை கிடையாது.

செய்தி வந்த அன்றே காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள்.

"செத்த நேரம் வந்துட்டுப் போங்க சார்."

போனேன். கைபேசியை வாங்கி டிராயரில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மண் லாரி டிரைவரை வழிமறித்து மிரட்டியதாக என்மேல் புகார். ஆய்வாளர் என் எதிரிலேயே பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். பேசியது எனக்குப் பல வருடம் பழக்கமான செய்தி ஆசிரியர்.

"அவரு எங்க நிருபர் இல்லையே சார். செய்தி அனுப்புவாரு, அம்புட்டுத்தான்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்பது மட்டும் மனதில் பதிந்தது.

வழக்குப் போட்டு, சாயங்காலம் ஜாமீனில் விட்டார்கள். வீட்டு வாசலில் மனைவி, "என்ன சொன்னாங்க?" என்றாள். "சோத்துக்கு வெஞ்சனம் என்ன?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய்த் தட்டு எடுத்து வைத்தாள்.

கலெக்டர் அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் தினமும் கூடும் நிருபர்களில் ஒருவர் என் தோளில் கை வைத்து, "நாளைக்கு எங்களுக்கும் இதுதான்" என்றார். எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை.

முதல் வாய்தாவுக்கு அந்த அக்கா பஸ் ஏறிக் கோர்ட்டுக்கு வந்திருந்தார்.

"நான்தான் கூட்டிட்டுப் போயி காட்டுனேன்னு சொல்லிர்றேன் தம்பி."

"வேணாம்க்கா. உங்களையும் கேஸ்ல இழுப்பாங்க."

"இழுக்கட்டும். கெணத்துல தண்ணியே இல்ல. இதுக்கு மேல என்ன பண்ணிருவாங்க?"

சாட்சி சொல்லும் கட்டம் இன்னும் வரவில்லை என்று வக்கீல் சொன்னார். ஆனாலும் அக்கா போகவில்லை. மதியம் வரை வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டிய இடம் அது.

வழக்கு இன்னும் நடக்கிறது. கைபேசி போலீஸிடம்தான் இருக்கிறது. வேறொரு பத்திரிகைக்குப் பூ மார்க்கெட் விலையும் கோயில் விசேஷங்களும் எழுதி அனுப்புகிறேன். அவற்றை யாரும் திருத்துவதில்லை.

போன மாதம் அக்கா என் புது போனுக்கு அழைத்துப் பேசினார்.

"கண்மாய்க்கு மறுபடி லாரி வருது தம்பி. எழுதுறீங்களா?"

"யாராச்சும் எழுதுவாங்கக்கா."

"யாரு?"

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் லாரி ஒன்று கியர் மாற்றி மேடேறும் சத்தம் கேட்டது.