கராஜ் சுவரில் ஒரு காலி இடம்

மார்லிஸ் ஹெக்ஸ்டாடின் சமையலறையில் ஒரு கரண்டி காணாமல் போனதாகச் சரித்திரமே கிடையாது. ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துச் சமையலறையைச் சொல்கிறேன். அங்கே தலைமைச் சமையல்காரியாக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பினாள், கூட வேலை செய்தவர்களின் உயிரை எடுத்தாள். சுவர்ப் பலகையில் கரண்டி, சல்லடை, கத்தி ஒவ்வொன்றையும் வைத்து, சுற்றிலும் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டிருந்தாள். எது குறைந்தாலும் அதன் உருவம் மட்டும் வெறுமையாக நின்று எல்லாரையும் முறைக்கும். எடுத்தவர் யாரானாலும் கூசிப்போய்த் திருப்பி மாட்டிவிடுவார்.

"இடம் இருந்தா சாமான் தானா வரும்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் டேல், கழற்றிய சட்டையைக் கழற்றிய இடத்திலேயே விடுகிற ரகம். அவனுடைய பதினேழடி கயாக், ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் அந்த ஒல்லிப் படகு, கராஜ் தரையில் குறுக்கே கிடக்கும். துடுப்பு பனித்தள்ளு இயந்திரத்துக்கு அடியில் இருக்கும். ஏரியிலிருந்து வந்தால் ஈரக்காலோடு நேராகச் சமையலறைக்குள் நடப்பான். கால் துடைத்துவிட்டு வா என்று கத்தினால், "ஆகட்டும் ஆபீசரம்மா" என்பான். ஒருநாளும் துடைத்ததில்லை.

போன அக்டோபரில் ஏரிக்குப் போனவன் வரவில்லை. கயாக் மட்டும் காலியாகக் கரை ஒதுங்கியது. கடல் மாதிரி விரிந்த அந்தச் சுப்பீரியர் ஏரித் தண்ணீரின் குளிருக்கு மூழ்கினவர்களின் உடல் மேலே வருவதில்லை, அந்தக் கரையில் இது குழந்தைக்கும் தெரியும். தேவாலயத்துக் கல்லறையில் டேல் பெயரில் ஒரு கல் நட்டார்கள். கீழே ஒன்றும் இல்லை.

"காலிக் குழிக்குப் பூ வைக்க எனக்கென்ன பைத்தியமா?" என்று பாஸ்டரின் முகத்துக்கு நேரே கேட்டாள் மார்லிஸ். அவளுக்கு டேல் வேண்டும். எலும்பாகவாவது வேண்டும். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கோடையில் ஓய்வுபெற்றதும் கராஜில் இறங்கினாள். தட்டித் தட்டிப் பார்த்து, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டங்களைக் கண்டுபிடித்தாள். அவற்றில் படகைத் தாங்க இரண்டு மரக்கைகளைத் திருகி, பழைய கம்பளத்தை வெட்டிச் சுற்றி, கயாக்கை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே ஒரு பட்டை போட்டாள். தூக்கிப் பிடித்தவன் டேலின் தம்பி வெண்டல்.

"பட்டையை இறுக்கட்டுமா?"

"இறுக்காத. உடம்பு நசுங்கிரும்."

"படகுக்கு ஏது உடம்பு?"

"வாயை மூடிட்டுப் பிடி."

பக்கத்தில் பலகை அடித்து, மார்க்கரை எடுத்தாள். துடுப்பு, லைஃப் ஜாக்கெட், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். ஏரியிலிருந்து வராத சாமான்கள். நினைவிலிருந்தே கோடு போட்டாள். துடுப்பின் நுனியில் மார்க்கர் வழுக்கி, கோடு உள்ளே மடங்கிவிட்டது.

"இல்லாததுக்கு எதுக்கு மார்லிஸ் இடம்?"

"இருந்தா வரும்."

வந்தது. ஆகஸ்டில் துடுப்பு, பக்கத்து விடுதிக்காரர் கரையில் கண்டெடுத்துக் கொடுத்தார். மாட்டினாள். துடுப்பின் நுனி ஒரு துண்டு உடைந்திருந்தது. கோடு மடங்கியிருந்த அதே இடத்தில். செப்டம்பரில் லைஃப் ஜாக்கெட் யாரோ ஒரு மீனவனின் வலையில் ஏறியது. கொக்கிகள் எல்லாம் பூட்டியபடியே இருந்தன. பிறகு இடது கால் பூட்ஸ், ஆற்று முகத்துவாரத்தில். ஒவ்வொன்றும் தன் கோட்டுக்குள் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. வெண்டல் கேலி செய்வதை நிறுத்தினான். அந்தக் கராஜுக்குள் தனியாகப் போவதையும் நிறுத்தினான்.

நவம்பர் தொடக்கத்தில் மார்லிஸ் ஒரு முழு ப்ளைவுட் பலகையைச் சாய்த்து வைத்து அவனைக் கூப்பிட்டாள். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. தோளும் உயரமும் ஒன்று.

"இதுல சாஞ்சு நில்லு. கையை விரி."

வெண்டலுக்குப் புரிந்தது. "அய்யோ, என்னை விட்டுரு. பாஸ்டர் காதுல விழுந்தா என்னாகும்?"

"எனக்கு அவன் வேணும், வெண்டல்" என்று சொல்லி, அழுதாள். சாவுச் சடங்கில்கூட அழாதவள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து நின்றான். தலையைச் சுற்றி, விரல்களைச் சுற்றி, கால்களைச் சுற்றிக் கோடு இழுத்தாள்.

அடுத்த வாரம் ஒருநாள் மதியத்துக்குமேல் ஏரி பொங்கியது. காற்று கராஜ் கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. காப்பிக் கோப்பையோடு பலகை முன் நின்ற மார்லிஸ் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள்.

இடது கையில் மூன்று விரல்கள்.

மர அறுவை ஆலையில் ரம்பம் தின்றது போக வெண்டலுக்கு மிச்சமான விரல்கள். டேலுக்குப் பத்து விரலும் இருந்தன. யாருக்கு இடம் செய்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. காலையில் வெண்டல் மோட்டார் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தான்.

சமையலறைக்கு ஓடிப் போன் அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. பெயிண்ட் தின்னரை ஊற்றிப் பலகையைத் தேய்த்தாள். கை எரிந்ததுதான் மிச்சம், அழியாத மார்க்கராகப் பார்த்துப் பார்த்து வாங்கியவள் அவளே. கடைசியில் அந்த மார்க்கரையே எடுத்து, இடது கையில் இரண்டு விரல்களை வரைந்து சேர்த்தாள்.

"இது வெண்டலோட இடம் இல்ல. டேலோடது. கேக்குதா? டேலோடது!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

அரை மணி கழித்துச் சமையலறையில் போன் அலறியது.

"மார்லிஸ், நான்தான்." வெண்டலுக்குப் பல் தந்தியடித்தது. "படகு கவுந்துருச்சு. தண்ணிக்குள்ள போயிட்டேன். அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்புறம் யாரோ காலரைப் புடிச்சு இழுத்து வீசின மாதிரி, கரையில கெடக்கேன்."

"இப்ப எங்க இருக்க?"

"முகத்துவாரத்துல. ஒரு புண்ணியவான் வண்டியில ஹீட்டர் போட்டு உக்கார வெச்சு, பேச அவன் போனையும் குடுத்திருக்கான். ஏன் அழுற?"

அதற்குள் கராஜின் பெரிய கதவு மேலே ஏறும் சத்தம் கேட்டது. காற்றும் ஏரி வாடையும் உள்ளே வந்தன. பிறகு சிமெண்ட் தரையில் காலடிச் சத்தம். ஒரு கால் கனமாக, ரப்பர் பூட்ஸோடு விழுந்தது. மற்றது வெறுங்கால், ஈரமாக ஒட்டி ஒட்டி எழுந்தது. இடது கால் பூட்ஸ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மார்லிஸ் போனைக் கீழே வைத்தாள். கராஜுக்குப் போகும் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, திறக்காமல் நின்றாள்.

"கால் துடைச்சிட்டு உள்ள வா, டேல்."

காலடி நின்றது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் மிதியடியில் தேய்க்கும் சத்தம் கேட்டது. முதலில் பூட்ஸ். அப்புறம் வெறுங்கால்.