கொஞ்சம் தப்பாக வாசிக்கச் சொன்னார்கள்

மூவுலகையும் சாம்பலாக்கும் கோபத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் தள்ளி நின்றே படியுங்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் நேற்று நடந்த பெருமாள் புறப்பாட்டை நம் கேபிள்காரன் பாபு இணையத்தில் நேரலையாகக் காட்டினான். பாதியில் அந்தத் தளத்துக்காரர்கள் சத்தத்தை வெட்டிவிட்டார்கள். அந்த நாதஸ்வர இசை தங்கள் சொத்து என்று ஒரு கேசட் கம்பெனி புகாராம்.

நேற்று வாசித்தவர் நம் வரதன். அந்தக் கேசட்டில் வாசித்தவரும் அதே வரதன்தான். ஈரேழு பதினாலு லோகத்திலும் தன் மூச்சைத் தானே திருடிய முதல் மனிதர்.

இன்று காலை டீக்கடையில் பாபு அவரிடம் கெஞ்சினான். "அண்ணே, இன்னொரு புகார் வந்தா சேனலையே மூடிடுவாங்க. இன்னிக்கு சாயங்காலப் புறப்பாட்டுல கொஞ்சம் தப்பா வாசிங்கண்ணே. கேசட்டோட ஒத்துப் பாக்கற மிஷினுக்கு அடையாளம் தெரியாது."

வரதன் கிளாசைக் கீழே வைத்தார்.

"நான் வாசிக்கறத கேட்டுக்கினுதான் பல்லக்கு தூக்கறவங்க அடி எடுத்து வைக்கறாங்க. தப்பா வாசிச்சா கால் இடறும்பா. சாமிய யாரு புடிப்பா, உன் மிஷினா?"

பாவம், பாபுவைத் திட்டி என்ன பயன்?

அந்தக் கம்பெனிக்கு நானே கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து முதல் சொல்லிலேயே நிற்கிறேன். ‘மாண்புமிகு’ என்று தொடங்கட்டுமா, ‘அடேய்’ என்று தொடங்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.