கண்ணாடித் தொட்டிக்கு ஒரு பிடி சேறு

எங்கள் வீட்டில் எல்லோரும் ஆலைக்குப் போகிறவர்கள். அம்மா நூல் சுற்றும் பகுதியில், அண்ணன் பஞ்சுக் கொட்டகையில். அப்பா இருந்தவரை அவரும் அங்கேதான். பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது; கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பிரெஞ்சில் படித்துக் கடைசி வகுப்பு வரை வந்துவிட்டேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அந்த வருஷம் சின்னக் குழந்தைகள் வகுப்புக்கு ஒரு உதவி ஆசிரியை தேவைப்பட்டது. எங்கள் வகுப்பிலிருந்தே ஒருத்தியை எடுத்துக்கொள்வதாகத் தலைமைக் கன்னியாஸ்திரி சொன்னார். அவரை நாங்கள் ‘மா மேர்’ என்று கூப்பிடுவோம், ‘என் தாயே’ என்று அர்த்தம். விருப்பமுள்ளவர்கள் ஆளுக்கொரு பாடம் நடத்திக் காட்டவேண்டும். ஒரு பொருளை மேசைமேல் வைத்து, குழந்தைகளைப் பார்க்கவைத்து, பேசவைத்து நடத்தும் பாடம்.

எனக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. அம்மா ஏற்கெனவே மேஸ்திரியிடம் சொல்லிவைத்திருந்தாள். லீவு முடிந்ததும் அவள் பக்கத்தில் நின்று நானும் நூல் சுற்றவேண்டியதுதான்.

போட்டிக்கு நின்றது என்னைத் தவிர ஒருத்திதான். அவள் அப்பா சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். வீட்டிலேயே பிரெஞ்சு பேசுகிறவர்கள். அவள் ஒரு கடிகாரத்தைக் கொண்டுவரப் போவதாகக் கேள்விப்பட்டேன். உச்சரிப்பில் அவளை நான் ஜெயிக்க முடியாது. ஆகவே உயிருள்ள ஒன்றைக் கொண்டுபோவதென்று தீர்மானித்தேன். வாசகப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது: செடியும் மீனும் ஒன்றாக வாழும் கண்ணாடித் தொட்டியை வீட்டிலேயே அமைப்பது எப்படி என்று. செடி நன்றாக வேர்விட்டால் தண்ணீரை மாற்றவே வேண்டாமாம்.

தொட்டி அண்ணன் மூலம் வந்தது. ஆலையின் மின்சார அறையில் தூக்கிப்போட்டிருந்த பாட்டரிக் கண்ணாடித் தொட்டி, சதுரமாக, விளிம்பில் ஒரு விள்ளல் போனது. உள்ளே திராவகம் இருந்ததால் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

“அடியில் ஒரு அடுக்கு vase போடுங்கள், அதன்மேல் மணல்” என்றது புத்தகம். ‘வாஸ்’ என்றால் ஜாடி என்று எனக்குத் தெரியும். பள்ளித் தோட்டக்காரர் பூந்தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லு போடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆக, ஜாடியை உடைத்துப் போடச் சொல்கிறார்கள். கொல்லையில் இருந்த மண்தொட்டியை எடுத்து உடைத்தேன்.

“ஏண்டி, நல்ல தொட்டி. எந்தப் புத்தகத்துலடி தொட்டிய உடைக்கச் சொல்லி எழுதியிருக்கு?” என்றாள் அம்மா.

“பிரெஞ்சு புத்தகத்துல.”

பிரெஞ்சு என்றால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

ஆலைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் வேலம்பாசியும் கொட்டிச் செடியும் பிடுங்கிவந்து நட்டேன். அண்ணன் துண்டை விரித்துக் கெண்டைக்குஞ்சு பிடித்துக் கொடுத்தான். மறுநாள் காலையில் செடியெல்லாம் மேலே மிதந்தது. திரும்ப நட்டேன், திரும்ப மிதந்தது. தண்டு அழுகி, தண்ணீர் நாறி, குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு அதையும் நிறுத்திவிட்டன.

“குழம்புக்கு ஆவாது. ரொம்பப் பொடிசு,” என்றான் அண்ணன்.

“நாளைக்கு வேற புடிச்சிக் குடு.”

“உனுக்கு மீன் புடிச்சே வாய்க்கா காலியாயிடும் போலருக்கே.”

தொட்டியை நிழலுக்கு மாற்றினேன், வெயிலுக்கு மாற்றினேன். கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் வாய்க்கால் தண்ணீர் ஊற்றினேன். சில்லுகளை இன்னும் பொடியாக உடைத்தேன். எதற்கும் செடி பிடிக்கவில்லை. அம்மா, “மேஸ்திரி இன்னிக்கும் கேட்டாரு,” என்றாள். நான் தொட்டியைக் கழுவினேன்.

அந்த வாரம் வகுப்பில் மா மேர் ஒரு பத்தியைச் சொல்ல, நாங்கள் கேட்டு எழுதிக்கொண்டிருந்தோம். கடல் வற்றிய நேரத்தில் ஒரு படகு ‘லா வாஸ்’ஸில் மாட்டிக்கொண்டது என்று வந்தது. லெ வாஸ் இல்லை, லா வாஸ். ஜாடி ஆண்பால், அதற்கு முன் ‘லெ’தான் வரும். படகு எப்படி ஜாடிக்குள் மாட்டும்? நோணாங்குப்பம் ஆற்றில் தண்ணீர் இறங்கிய நேரத்தில் படகுகள் எதில் புதைந்து நிற்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பேனா அப்படியே நின்றுவிட்டது. வகுப்பு முடிந்ததும் பெரிய அகராதியைப் புரட்டினேன். லா வாஸ் என்றால் சேறு, நீருக்கடியில் படியும் வண்டல். என் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் லெ-யும் இல்லை, லா-வும் இல்லை. அதனால்தான் ஏமாந்தேன். நானே மாட்டிக்கொண்டேன், நானே வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலமே வாய்க்காலில் இறங்கினேன்.

“இத்தினி வருஷம் படிச்சுட்டு சேறு அள்ள வந்துட்டா பாரு,” என்று கரையில் நின்று சிரித்தான் அண்ணன்.

“படிச்சதாலதான் அள்றேன். அந்தக் கூடைய நீட்டு.”

சேற்றை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அம்மா வாசலை மறித்தாள். கொல்லைப் பக்கமாகக் கொண்டுபோனேன். அடியில் சேறு, மேலே கழுவிய ஆற்று மணல், அதில் செடி. குழி விழாமலிருக்க ஒரு வாழையிலைத் துண்டைப் பரப்பி, அதன்மேல் சன்னமாகத் தண்ணீர் விட்டேன். முதலில் காப்பி மாதிரி கலங்கியது. நான் தொடவில்லை. ஓரிரு நாளில் தெளிந்தது. ஒரு வாரத்தில் கொட்டிச் செடி சுருண்ட புது இலையை மேலே அனுப்பியது. மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. அதன்பிறகே மீன்களை விட்டேன்.

பாடத்துக்கு முந்தின சனிக்கிழமை பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, தள்ளுவண்டியில் வைக்கோல் பரப்பி, தொட்டியை அண்ணன் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். அங்கே மறுபடி நிரப்பிய தண்ணீர் திங்கட்கிழமை தெளிந்து நின்றது. ஜன்னல் வெயிலில் இலைகளின்மேல் சின்னச் சின்னக் குமிழிகள். மீன்கள் செடிக்கு நடுவே போய்வந்தன. குழந்தைகள் கூப்பிடாமலே மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“லா வாஸைப் பாருங்கள்,” என்று பிரெஞ்சில் ஆரம்பித்தேன்.

பின்வரிசையிலிருந்து மா மேரின் குரல் வந்தது. “லெ வாஸ், மாத்மோசேல்.”

கடிகாரக்காரி குனிந்து சிரித்ததைப் பார்த்தேன். மா மேரைத் திருத்தி யாரும் பேசியதில்லை. குழந்தைகள் முன்னால் நிச்சயமாக இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வேர் எதைப் பிடித்திருக்கிறது என்பதுதான் என் பாடமே.

“இல்லை, மா மேர்,” என்றேன். கண்ணாடியின் விளிம்பைத் தொட்டு, “இது லெ வாஸ்.” பிறகு விரலைக் கண்ணாடியோடு கீழே இறக்கி, மணலுக்கு அடியில் இருந்த கறுப்பைக் காட்டினேன். “இது லா வாஸ். செடி சாப்பிடுவது இதில்தான்.”

அவர் எழுந்து முன்னால் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொட்டியின் அடியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“மேலே நடத்து,” என்றார்.

நடத்தினேன். இரண்டு நாள் கழித்து என்னை அறைக்குக் கூப்பிட்டு, குழந்தைகள் எதிரில் மறுத்துப் பேசியது பிழை என்று முதலில் கண்டித்தார். அதன்பிறகு லீவு முடிந்ததும் சின்ன வகுப்புக்கு வரச்சொன்னார்.

வீட்டில் சொன்னதும் அம்மா தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

“மேஸ்திரிகிட்ட நான் இன்னான்னு சொல்றது?”

“வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு.”

“கோச்சிக்குவாருடி. நாந்தான கெஞ்சிக் கேட்டேன்.”

“அப்ப நானே வந்து சொல்றேன்.”

மறுநாள் சங்கு ஊதுமுன் அம்மாவோடு ஆலை வாசலுக்குப் போனேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இங்க வேணான்னு சொல்ற அளவுக்கு அப்புடி இன்னா படிச்சிட்ட?”

“உங்க சின்னப் பொண்ணப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. சின்ன வகுப்புக்கு இனிமே நாந்தான்,” என்றேன்.

அம்மா என் கையைக் கிள்ளினாள். மேஸ்திரி, எத்தனை வயசில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டார்.